உச்சி வெயிலில் விளையாடும் காட்டுநாய்கள்: யாழினிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள யாழினி,

ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் தேசியப் பூங்காவிலிருந்து நீ அனுப்பிய ஆப்பிரிக்கக் காட்டுநாய்ப் படங்களையெல்லாம் பார்த்து முடித்தேன். காலை ஒன்பது மணிக்கு மேல் எடுத்தவை வெயிலில் வெளுத்துவிட்டன, அழித்துவிடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அழித்துவிடாதே. பொன்வெயிலில் ஓடும் காட்டுநாயின் படம் இன்று எல்லோரிடமும் இருக்கிறது. கடும் வெயிலில் அவை உருண்டு புரண்டு விளையாடும் படங்களில்தான் அந்த விலங்கின் குணம் தெரிகிறது என்பது என் எண்ணம்.

அவற்றின் நாள் எப்படிப் போகிறது என்று நீயே பார்த்திருக்கிறாய். விடிந்ததும் வேட்டை. இம்பாலா மான் ஒன்று விழுந்தால், குட்டிகள் உடனிருக்கும்போது அவைதான் முதலில் தின்னும். பெரியவை ஒதுங்கி நின்று காவல் காக்கும். வயிறு நிறைந்த பிறகுதான் விளையாட்டு. அக்டோபரில் அங்கே ஐந்தரை மணிவாக்கில் சூரியன் உதிக்கிறது; எட்டரைக்குள் பாதி வானம் ஏறிவிடுகிறது. நண்பகலில் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். குட்டிகளுக்கு அப்போது நான்கு மாதம் ஆகியிருக்கும். வளையை விட்டுப் பெரியவர்களோடு அலையத் தொடங்கிய வயது. காய்ந்த தோல் துண்டோ யானைச் சாணமோ எது கிடைத்தாலும் பிடுங்கிக்கொண்டு ஓடும். அந்த வயதின் விளையாட்டை எடுக்க வேண்டுமென்றால் நல்ல வெளிச்சத்துக்குக் காத்திருக்க முடியாது.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்: படத்தில் வெள்ளைப் பகுதி ஏன் விவரமே இல்லாமல் வெந்துபோகிறது? கரிய மூக்கு, வைக்கோல் நிறம், தூய வெள்ளை எல்லாம் ஒரே உடம்பில் ஒட்டுத் துணி போட்டதுபோல் இருக்கிற விலங்கு இது. கரிய தோள் சட்டத்தை நிறைத்தால் கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் ‘இருட்டாக இருக்கிறது’ என்று நினைத்து ஒளியைக் கூட்டிவிடும். வாலின் வெள்ளை நுனி வெந்துபோகும். அடுத்த நொடி அதே நாய் வெளிறிய மணலில் சின்னதாகத் தெரிந்தால், மீட்டர் ஒளியைக் குறைத்து நாயைக் கரிக்கட்டை ஆக்கிவிடும். உன் படங்களில் இரண்டும் மாறிமாறி வந்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஒளி மாறவே இல்லை, மீட்டர்தான் தடுமாறியிருக்கிறது.

மேகமில்லாத வெயிலுக்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு. அது மணிக்கணக்கில் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். அதனால் அளவுகளை நீயே வைக்கும் மேனுவல் முறைக்குப் போய்விடு. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 400, அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 5.6, ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/3200 நொடி. வெள்ளை எரிகிறது என்று கேமராத் திரையில் அந்த இடம் இன்னும் துடித்தால் 1/4000. கேமரா பதிந்த விவரமெல்லாம் அப்படியே இருக்கும் ரா கோப்பாக எடு. நாய் மணலில் நின்றாலும் புதர் முன்னால் நின்றாலும் இந்த அளவு மாறாது, வெயிலில் நிற்கும்வரை. நிழலை அப்புறம் கணினியில் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம்; எரிந்துபோன வெள்ளையை யாராலும் மீட்க முடியாது. அந்த ஷட்டர் வேகத்தையும் கவனி. விடியற்கால ஒளியில் 1/3200 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவை எங்கேயோ ஏற்ற வேண்டியிருக்கும். இரண்டு குட்டிகள் காதைக் கவ்விக்கொண்டு அந்தரத்தில் புரள்வதை ஒவ்வொரு மயிரும் தெரிய நிறுத்துவதற்கு இந்த வெயில்தான் உதவுகிறது.

கண்கள் இருட்டுக் குழியாகிவிடுகின்றன என்பது உண்மை. மேலிருந்து விழும் ஒளியில் புருவ மேட்டின் நிழல் கண்ணில் விழுகிறது. கண்ணைச் சுற்றிய மயிரும் கருப்பு. நின்று கொண்டிருக்கும் நாயை அந்நேரத்தில் எடுத்தால் அப்படித்தான் வரும். ஆனால் விளையாடும் நாய் தலையைக் குனிந்தே வைத்திருப்பதில்லை. முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்புறத்தைத் தூக்கி, முகத்தை அண்ணாந்து அடுத்ததை அழைக்கும் பார், அப்போது கண்ணுக்குள் வெயில் ஒரு புள்ளியாக இறங்கும். பின்னங்காலில் நின்று ஒன்றையொன்று தள்ளும்போதும் அப்படியே. உன் வரிசையில் கிழிந்த காது உள்ள ஒரு பெரிய நாய் தரையோடு தரையாகப் படுத்து, தன் மேல் பாயும் குட்டியை நிமிர்ந்து பார்க்கிறது. இரண்டு கண்ணிலும் ஒளி. மூக்கின் அடிப்பக்கம்கூட இருட்டாக இல்லை. ஆற்றோர மணல் வெளிச்சத்தைக் கீழிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறது. அந்தப் படத்தைப் போய் அழிப்பதா?

இன்னொன்று நிழல். நண்பகலில் நான்கு கால் நாயும் அதன் நிழலும் ஒட்டிக்கொண்டு ஒரே கரும்பிண்டமாகத் தெரியும். குட்டி தாவும் கணத்தில் மட்டும் நிழல் தரையில் தனியாகக் கழன்று நிற்கும். வட்டக் காதுகள் உட்பட முழு உருவமும் மணலில் விழுந்திருக்கும். கால்களுக்கும் நிழலுக்கும் நடுவே தெரிகிற அந்த வெளிச்சக் கீற்றுக்காகவே நான் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருப்பேன். இதைக் காலை ஒளியில் தேடினாலும் கிடைக்காது.

மரநிழலில் எடுத்தவற்றை மட்டும் தாராளமாகக் கழித்துவிடு. மானா பூல்ஸின் ஆனா மரங்கள் வறட்சியில் இலை தாங்கி மழையில் உதிர்ப்பவை. அதனால் அக்டோபரிலும் அடியில் நிழல் உண்டு. ஆனால் அது பொத்தல் நிழல். புள்ளியும் திட்டுமான உடம்பின் மேல் புள்ளியும் திட்டுமான வெயில் விழுந்தால் எது மயிர், எது ஒளி என்று நமக்கே பிரிபடாது. முழு வெயிலுக்கு வரட்டும், அல்லது முழு நிழலுக்குப் போகட்டும். நடுவில் கேமராவை இறக்கி வைத்துக்கொண்டு வெறும் கண்ணால் பார். பறவை கீச்சிடுவது போன்ற அவற்றின் சத்தத்தையும் கேட்கலாம்.

தூரத்துப் படங்கள் மங்கலாக இருப்பதற்கு லென்ஸைக் குறை சொல்லாதே. சூடான மணலுக்கு மேல் காற்று நெளிகிறது. அந்த நெளிவைத் தாண்டி எந்த லென்ஸும் கூர்மை தராது, ஷட்டரை எவ்வளவு கூட்டினாலும். கிட்டே இருந்தால் எடு, இல்லாவிட்டால் அகலமாக எடுத்து, மரமும் தூசியும் ஆறும் சேர்ந்து வரட்டும். மானா பூல்ஸில் வண்டியை விட்டு இறங்கி நடக்க முடியும் என்பதால் தரையோடு படுத்து எடுக்கும் வாய்ப்பு உண்டு. அதற்காக அவற்றை நெருக்க வேண்டாம். படுத்திருக்கும் கூட்டம் வெயிலில் எழுந்து இடம் மாறினால், நாம் அதிகம் போய்விட்டோம் என்று பொருள். வளைக்கு அருகில் குட்டிகள் இருக்கும் மாதங்களில் அந்தப் பக்கமே போகாதே, யார் கூப்பிட்டாலும்.

பிற்பகலுக்கு ஒரு குறிப்பு. வெயில் இறங்குவதற்கு முன்பே, மூன்றரை நான்கு மணிக்கு, ஒன்று எழுந்து மற்றவற்றை முகர்ந்து எழுப்பும். வாய்க்குள் வாய் வைத்து, வாலைத் தூக்கி, ஒரே ஆர்ப்பாட்டமாக இருக்கும். அப்போது தும்மல் சத்தம் கேட்டால் சட்டென்று தயாராகிவிடு. போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோவில் செய்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது: கூட்டம் புறப்படுமா என்பது எத்தனை தும்மல் விழுகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது. தலைமை ஜோடி தொடங்கி வைத்தால் மூன்று தும்மலளவில் கிளம்பிவிடும். மற்றவை தொடங்கினால் பத்து வரை வேண்டும். விளையாட்டின் கடைசி நிமிடம் எப்போது என்று அவையே சொல்லிவிடுகின்றன.

கறுப்பு வெள்ளையாக்கிவிட்டால் கடும் வெயில் சரியாகிவிடும் என்று பலர் உன்னிடம் சொல்வார்கள். நிழல் கழன்று நிற்கும் தாவல் படங்களுக்கு ஒத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கு வேண்டாம். அந்த வைக்கோல் மஞ்சளை எடுத்துவிட்டால் இந்த விலங்கில் பாதி போய்விடுகிறது.

அழகில்லை என்று நீ ஒதுக்கிய பக்கவாட்டுப் படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு காட்டுநாயின் திட்டுகள் இன்னொன்றுக்கு இருக்காது. ஒரே நாயின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட வேறு வேறு. ஆய்வாளர்கள் ஒவ்வொன்றையும் அடையாளம் காண்பது இந்தத் திட்டுகளை வைத்துத்தான். ஆப்பிரிக்கா முழுவதிலும் முதிர்ந்து இனம்பெருக்குபவை சுமார் 1,400 மட்டுமே என்று உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் மதிப்பிட்டிருக்கும் விலங்கு இது. எந்தக் குட்டி அடுத்த வறட்சிவரை உயிரோடு இருக்கிறது, எது கண்ணிக் கம்பியில் மாட்டித் தழும்போடு திரும்பி வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு வேண்டியது ஒளி பளிச்சென்று விழுந்த தட்டையான பக்கவாட்டுப் படம்தான். அதை நண்பகல் வெயிலைப்போல் தெளிவாக எதுவும் தராது.

ஆகவே ஒரு வேலை செய். ஒவ்வொரு நாய்க்கும் இரண்டு பக்கமும் தெரியும் படத்தைத் தனியே எடுத்து வை. தேதியும் இடமும் எழுது. வளை இருக்கும் இடத்தைப் பொதுவெளியில் மட்டும் போடாதே. அங்கே காட்டுநாய்களைக் கண்காணிக்கிறவர்களிடம் கேட்டு அவர்களுக்கு அனுப்பு. கிழிந்த காதுக்காரனின் வலப்பக்கம் உன்னிடம் இருக்கிறது, இடப்பக்கம் என் கண்ணில் படவில்லை. அழிக்கும் பட்டியலில் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பார்.

அன்புடன்,
மாமா