குடிநீர் மாதிரி எடுப்பு: ஞாயிறு காலை 7 மணி

அனைவருக்கும் வணக்கம். நம் குழாய்த் தண்ணீரில் தடை செய்யப்பட்ட பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்று ஆய்வகத்தில் சோதிக்கப் போகிறோம். தடை போட்டாயிற்றே என்று சும்மா இருக்க முடியாது. அட்ராசின் என்ற களைக்கொல்லிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் அனுமதி மறுத்தது. அங்கே நிலத்தடி நீரில் அது இன்னும் அகப்படுகிறது.

1. முடிவு வரும்வரை குடிக்க, சமைக்க, குழந்தைக்குப் பால் கலக்க வேறு தண்ணீர்தான்.
2. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். குளோரின் மாத்திரையை நம்ப வேண்டாம்.
3. கார்பன் வடிகட்டி, ஆர்.ஓ. இரண்டும் ஓரளவு குறைக்கும். மாற்றாமல் கிடக்கும் பழைய கார்பன் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.
4. மாதிரிக்கு ஆய்வகம் தரும் பழுப்புக் கண்ணாடி பாட்டில் மட்டுமே. அதைக் கழுவாதீர்கள், மாதிரி கெடாமல் இருக்க உள்ளே ஒரு வேதிப்பொருள் போட்டிருப்பார்கள். வீட்டு பிளாஸ்டிக் பாட்டில் வேண்டவே வேண்டாம்.
5. நீரின் நிறம், வாசனையில் மாற்றம் தெரிந்தால் தேதி, நேரத்தோடு இங்கே எழுதுங்கள். (தெளிவாக இருக்கிறது என்பது சான்று ஆகாது.)

யார் வீட்டுக் குழாயில் மாதிரி எடுக்கலாம்? வெள்ளி இரவுக்குள் ‘சரி’ என்று பதில் போடுங்கள். அப்புறம், உறுதியாகாத செய்திகளை இங்கே ஃபார்வர்டு செய்ய வேண்டாம்.