திரும்பி வந்த கடிதமும் அடிபட்ட பெயரும்

மானிய வாடகை வீடுகளை ஒதுக்கும் சிற்றூர் அலுவலர்களுக்கு,

வணக்கம். "நாங்க அனுப்பின கடிதம் திரும்பி வந்துடுச்சு. அதனால வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியல்ல இருந்து உங்க பேரை எடுத்துட்டோம்." கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இதைச் சொன்னபோது குரலில் கடுமை ஏதும் இல்லை. கோப்பைத் திருப்பிக் காட்டினார். உறையின் மேல் என் பழைய முகவரி, அதன் குறுக்கே ஒரு முத்திரை: 'பெறுநர் இல்லை'. உண்மைதான், நான் அங்கே இல்லை. வாடகை கட்ட முடியாமல் அந்த வீட்டைக் காலி செய்து நாலு மாதம் ஆகியிருந்தது. கட்ட முடியாது என்று தெரிந்துதானே உங்களிடம் மனுவே கொடுத்தேன்?

வீடில்லாதவரிடம் மாறாத முகவரி கேட்கும் விதி இது. மனுக் கொடுத்தவர் இந்த மாதம் உறவுக்காரர் வீட்டுக் கூடத்தில் படுத்திருப்பார், அடுத்த மாதம் வேறெங்கோ. கைப்பேசி எண் பெரும்பாலும் அதேதான். கடிதம் திரும்பினால் அந்த எண்ணுக்கு ஓர் அழைப்பு, ஒரு குறுஞ்செய்தி. அதற்கும் பதில் இல்லையா, பெயரை அடிக்காமல் நிறுத்தி வையுங்கள். ஆறு மாதத்துக்குள் வந்து நின்றால் பழைய வரிசை எண்ணையே கொடுங்கள்.

பெருநகரத்தில் ஒரு பட்டியலில் பெயர் போனால் இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளலாம். சிற்றூரில் இருப்பதே இரண்டோ மூன்றோ மானியக் குடியிருப்பு. ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், தனி வரிசை, அதே வருமானச் சான்றின் இன்னொரு நகல். தினக்கூலிக்குச் சம்பளச் சீட்டு ஏது என்று எந்தப் படிவமும் யோசிப்பதில்லை. என் வரிசை எண் என்ன என்று கேட்டால், "கூப்பிடுவோம்" என்பதே பதில். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில் இந்த மௌனம் வதந்திக்குத்தான் தீனி. பெயர் வேண்டாம், வரிசை எண்களை மட்டுமாவது வெளியே ஒட்டுங்கள்.

வீடு கட்டுவதை விட்டுவிட்டு தனியார் வீட்டு வாடகைக்கு உதவும் சீட்டு கொடுத்தால் போதாதா என்று உங்களில் சிலர் பேசுவதும் காதில் விழுகிறது. அமெரிக்காவில் அப்படி ஒரு 'வவுச்சர்' உண்டு. குடும்பம் தன் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் கட்டும், மீதியைப் பெருமளவு அரசு ஏற்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீட்டைத் தேடிக்கொள்வது அவர்கள் பாடு. அதற்குத் தொடக்கக் கெடுவாகக் குறைந்தது 60 நாள் தருகிறார்கள். அதற்குள் காலி வீடு கிடைக்க வேண்டும், வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், வீடு ஆய்விலும் தேற வேண்டும். வாடகைக்கு விடவே ஏழெட்டு வீடு உள்ள ஊரில் சீட்டு கையில் இருக்கும், கெடு முடிந்துவிடும்.

மறுபடி மனுக் கொடுத்திருக்கிறேன். வரிசையில் கடைசி. முகவரிக் கட்டத்தில் அக்கா வீட்டு முகவரி. கைப்பேசி எண்ணை ஓரத்தில் எழுதியிருக்கிறேன், படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இப்படிக்கு,
மனுதாரர்களில் ஒருவர்