காசியில் எனக்கு வழிவிட்டவர்களுக்கு

காசியில் எனக்கு வழிகாட்டிய, வழிவிட்ட, சாப்பாடு போட்ட, தேவைப்பட்டபோது திட்டவும் செய்த எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தெரிந்த ஒன்றிரண்டு பேரும் இதைத் தேடிப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். வாங்கிய உதவியை நாலு பேர் அறியச் சொல்லாவிட்டால் மனசு உறுத்தும். யார் பெயரையும் போடவில்லை. பாதிப் பேரின் பெயர் எனக்கே தெரியாது. 'பையா' (அண்ணா), 'சாச்சா' (சித்தப்பா), 'குரு' என்று கூப்பிட்டே காலம் ஓடிவிட்டது.

முதல் நன்றி ரயிலில் எதிர் இருக்கையில் வந்த குடும்பத்துக்கு. கங்கைச் சமவெளியில் ஜனவரி மூடுபனி இறங்கிவிட்டால் அட்டவணைக்கும் ரயிலுக்கும் சம்பந்தமே இருக்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்று நேரிலேயே பார்த்தேன். வண்டி ஏதோ வயல்வெளியில் மணிக்கணக்கில் நின்றது. என் பிஸ்கட் பொட்டலம் தீர்ந்ததைக் கவனித்த அம்மா, ஒன்றும் கேட்காமல் டப்பாவைத் திறந்து இரண்டு லிட்டியை என் கையில் வைத்தீர்கள். வறுத்த கடலை மாவை உள்ளே வைத்துச் சுட்ட கோதுமை உருண்டை. ஓரத்தில் கடித்துக்கொள்ளப் பச்சை மிளகாய். இறங்க வேண்டிய நிலையத்துக்கு 2018-லேயே தீனதயாள் உபாத்யாயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், பலகையிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் பெட்டியில் ஒருவர் வாயிலும் மொகல்சராய் தவிர வேறு பெயர் வரவில்லை. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் கதவோரம் குழம்பிப்போய் நின்றிருப்பேன். அப்புறம் உங்கள் மகன் என்னை ஷேர் ஆட்டோவில் ஏற்றி, கூலியைப் பேசி முடித்து, "இதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதே" என்று ஓட்டுநர் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார்.

கங்கையைக் கடக்கும் மாளவியா பாலம் 1887-ல் கட்டியது. கீழே ரயில், மேலே சாலை. அங்கிருந்து பார்த்தால் படித்துறைகள் பிறை வடிவில் வளைந்து தெரியும் என்று சொல்வார்கள். அன்று எனக்குத் தெரிந்தது முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான்.

ஆட்டோ என்னை இறக்கிவிட்டது கோதௌலியா நாற்சந்தியில். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மிரண்டுபோனேன். மின் ரிக்‌ஷாக்கள் எறும்புச் சாரியாக வந்துகொண்டே இருந்தன. நடுச்சாலையில் ஒரு காளை படுத்து அசைபோட்டது. அதைச் சுற்றிக்கொண்டு கல்யாண பேண்டு வாத்தியக்காரர்கள் போனார்கள். தலையில் மூட்டையோடு ஆந்திரப் பக்தர்கள் ஒருவர் சேலை முந்தானையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாகக் கடந்தார்கள். எல்லா ஹாரன்களும் ஒரே நேரத்தில். இந்த ஊரில் யார் யாருக்கு வழி விடுகிறார்கள், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்த நேரம் பார்த்து முதுகுப்பையின் தோள்பட்டை வேறு அறுந்து தொங்கியது.

நடைபாதையில் உட்கார்ந்திருந்த செருப்புத் தைக்கும் பெரியவரே, நான் கேட்பதற்கு முன்பே கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டீர்கள். மெழுகு தடவிய நூலால் இரட்டைத் தையல் போட்டு, நாளைக்கு அறுந்துவிடும் என்று அடுத்த தோள்பட்டைக்கும் சேர்த்துப் போட்டீர்கள். காசு ஒன்றுக்குத்தான் வாங்கினீர்கள். அந்தத் தையல் இன்னும் அப்படியே இருக்கிறது. பை கிழிந்தாலும் அது போகாது போல.

அடுத்தது தபால்காரர். தங்கும் விடுதியைத் தேடிச் சந்துக்குள் நுழைந்ததும் கைப்பேசி வரைபடத்தில் நீலப் புள்ளி பைத்தியம் பிடித்ததுபோல் சுற்ற ஆரம்பித்தது. இருபுறமும் நாலு மாடிக் கட்டடம், நடுவில் கைவிரித்தால் சுவர் தட்டும் வழி. அதற்குப் பாவம் என்ன தெரியும். நீங்கள் என் சீட்டை வாங்கிப் பார்த்து, வீட்டு எண்ணுக்கு முன்னால் இருக்கும் ஆங்கில எழுத்தை விரலால் தட்டிக் காட்டினீர்கள். டி என்றால் தசாஸ்வமேதம், பி என்றால் பேலூபூர், சிகே என்றால் சௌக், கே என்றால் கோத்வாலி. கதவு நிலைகளில் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தால் ஊரின் எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். அதற்கும் மேல் வழி தவறினால் கிழக்கே, சரிவு இறங்கும் பக்கமாகப் போ, கங்கை வரும், படித்துறைச் சுவரில் பெயர் எழுதியிருக்கும், அங்கிருந்து மறுபடி எண்ணிக்கொள் என்றீர்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வரைபடத்தை நான் திறக்கவே இல்லை. (மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு இது உதவாது. படிகள் தண்ணீருக்குள் போய்விடும். ஒரு படித்துறையிலிருந்து அடுத்ததற்கு ஓரமாக நடக்க முடியாது.)

ஆனால் எழுத்தும் எண்ணும் தெரிந்தால் மட்டும் சந்தில் நடந்துவிட முடியாது. அதைச் சொல்லிக்கொடுத்தவர் மூலைத் தேநீர்க் கடை சாச்சா. உங்கள் கடையின் மரப்பலகையில் மண் குவளையோடு உட்கார்ந்தபடி நான் கற்றுக்கொண்டது, எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இருக்காது. இங்கே சிக்னல் கிடையாது, காது இருந்தால் போதும் என்று ஆரம்பித்தீர்கள். தூரத்தில் 'ராம் நாம் சத்ய ஹை' என்று கேட்டால் பாடை வருகிறது. பேச்சை நிறுத்து, சுவரோடு ஒட்டிக்கொள். அதற்கு முன்னால் எவனும் பெரியவன் இல்லை, காளையைக்கூட யாராவது தட்டி நகர்த்திவிடுவார்கள். 'பச்கே, பச்கே' என்றால் தலைச்சுமைக்காரர். அவரால் நிற்க முடியாது, நீதான் ஒதுங்க வேண்டும். காளை வந்தால் அதன் கொம்புப் பக்கம் போகாதே, பின்னாலும் போகாதே, ஏதாவது கடைப்படியில் ஏறிக்கொள். பைக் ஓட்டுகிறவன் முடுக்கில் ஒரு சின்ன ஹாரன் அடித்தால் குதிக்காதே. நின்ற இடத்தில் நில். உன்னை எந்தப் பக்கமாகச் சுற்றிப் போவது என்று அவன் ஏற்கெனவே கணக்குப் போட்டுவிட்டான். நீ அசைந்தால்தான் இடிப்பான்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பாடை வந்தது. ஜரிகைத் துணி, சாமந்தி மாலை, தோள்கொடுத்த நாலு பேர் ஏறக்குறைய ஓட்டமாக வந்தார்கள். கொதிக்கும் பால் பாத்திரத்தை நீங்கள் ஒரு கையால் உள்ளே இழுத்தீர்கள், மறு கையால் என் முழங்காலைப் பிடித்துப் பலகைக்கு உள்ளே தள்ளினீர்கள். எதிர்க்கடைக்காரர் தொங்கவிட்டிருந்த சால்வைகளை ஒரே வாரில் ஒதுக்கினார். பள்ளிப் பிள்ளைகள் சுவரில் ஒட்டினார்கள். போனதும் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பின. யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. நான் குழப்பம் என்று நினைத்ததில் பாதி, எனக்குப் பாஷை தெரியாததால் வந்தது என்று அன்றுதான் உறைத்தது. மீதிப் பாதி நிஜமாகவே குழப்பம்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மின் ரிக்‌ஷாக்களுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

அன்று மாலையே இன்னொரு குரலுக்குக் கூட்டம் விலகுவதைப் பார்த்தேன். 'சம்போ... சம்போ...' என்று சத்தம்; பூஜைப் பொருள்களைச் சுமந்துகொண்டு விசுவநாதர் கோயிலை நோக்கிச் சிலர் விறுவிறுவென்று போனார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து 200 ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கும் வழக்கம். இந்திக்காரக் கூட்டம் தமிழ்ச் சத்திரத்துப் பூஜைக்குக் கேட்காமலே வழி விட்டது. அங்கே என் பக்கத்தில் நின்று, தமிழன் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன காரைக்குடி ஐயா, உங்களுக்கும் நன்றி. கோயில் வரிசையில் நிற்கும்போது கைப்பேசியை எங்கே வைப்பது என்று நீங்கள் சொன்னது, மற்ற எல்லாவற்றையும்விட அப்போது உதவியாக இருந்தது.

படகுக்கார அண்ணா, பேரம் பேசாமல் ஏற்றிக்கொண்டதற்கே தனி நன்றி சொல்லலாம். சூரிய உதயம் பார்க்க வந்த என்னிடம், இன்றைக்குப் பனி, சூரியன் வராது, காசை மிச்சம் பிடி என்று சொன்ன ஒரே படகுக்காரர் நீங்கள். நான் பிடிவாதமாக ஏறினேன். நீங்கள் சொன்னதுபோலவே சூரியன் வரவில்லை. பதிலுக்கு வெள்ளைக் கடற்புறாக்கள் வந்தன. குளிருக்கு வடக்கிலிருந்து வரும் அவை, சேவுப் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டாலே படகைச் சூழ்ந்துகொண்டன. திரும்பும் வழியில் ஒரு படித்துறைச் சுவரில், என் தலைக்கு எவ்வளவோ மேலே இருந்த ஒரு கோடு, அதைக் காட்டினீர்கள். 1978 வெள்ளம். அந்தச் செப்டம்பரில் கங்கை 73.90 மீட்டரைத் தொட்டது; அபாய அளவே 71.26 மீட்டர்தான். உங்கள் அப்பா அந்த ஆண்டு படகைச் சந்துக்குள் ஓட்டினார் என்று நீங்கள் சொன்னபோது சிரித்தேன். அந்தக் கோடு இருந்த உயரத்தை மறுபடி பார்த்தபின் சிரிப்பு வரவில்லை.

பிணம் எரிக்கும் மணிகர்ணிகைப் படித்துறையில் விறகுக் கடையில் நின்றவர் யாரென்று தெரியவில்லை. நான் தராசுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆள் உயரத்துக்கும் மேலே அடுக்கிய விறகை எடைபோட்டு விற்கிறார்கள். ஒருவன் வந்து, ஏழைகளுக்கு விறகு வாங்கத் தர்மம் செய், இல்லாவிட்டால் பாவம் பிடிக்கும் என்று ஆங்கிலத்தில் மிரட்ட ஆரம்பித்தான். நீங்கள் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் அவனிடம் இரண்டே வார்த்தை சொன்னீர்கள். ஆள் காணாமல் போய்விட்டான். பிறகு என்னிடம் திரும்பி, போட்டோ எடுக்காதே, நிற்பதானால் குடும்பத்தார் கண்ணில் படாமல் மேல்படியில் நில் என்றீர்கள். குரலில் கடுமை இருந்தது. அதற்கும் நன்றி.

பெங்காலி டோலா சந்தில் கொரிய மொழிப் பலகைகளைப் பார்த்து நான் வாய்பிளந்தபோது, அவற்றைப் படித்துக் காட்டி, எந்தக் கடையில் சூடான சூப் கிடைக்கும் என்று சொன்ன சக பயணிக்கு: நீ கொடுத்த காய்ச்சல் மாத்திரை வேலை செய்தது.

மதன்புரா நெசவாளர் சாச்சாவுக்கு எழுத நிறைய இருக்கிறது. 'கடகட' சத்தத்தைக் கேட்டு உங்கள் வாசலில் நின்றவனை, வாங்க வந்தவனா என்றுகூடக் கேட்காமல் உள்ளே கூப்பிட்டீர்கள். குழிக்குள் கால், தலைக்கு மேலே துளையிட்ட அட்டைகள் மாலையாகக் கோத்துத் தொங்கின. ஓர் அட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினீர்கள்: துளை இருக்கும் இடத்தில் இழை தூக்கும், இல்லாத இடத்தில் கிடக்கும், ஊடை நடுவில் ஓடும். அந்த ஒரு மிதிக்கு அந்த ஓர் அட்டை. ஒரு மாங்காய்ப் பூ முடிய எத்தனை அட்டை வேண்டும் என்று கேட்டேன். தொங்குகிறதே, எண்ணிக்கொள் என்று சிரித்தீர்கள். பக்கத்து வீடுகளில் விசைத்தறி வந்துவிட்டது, என் பையன் சூரத்துக்குப் போய்விட்டான் என்று சொன்னதும் அதே சிரிப்போடுதான். கிளம்பும்போது தேநீர் குடிக்காமல் விடவில்லை. நான் எடுத்த படத்தை அச்சுப்போட்டுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

கடைசியாக, அனுமன் காட் படித்துறைச் சந்து மாமி. பாரதியார் 1898 வாக்கில் வந்து அத்தை வீட்டில் இருந்தது அந்தச் சந்தில்தான். அவர் மீசையும் தலைப்பாகையும் காசியில் பிடித்துக்கொண்டவை என்பார்கள். அந்த வீட்டில் ஓர் அறையை 2022-ல் தமிழக அரசு நினைவில்லமாக்கியிருக்கிறது. அதைத் தேடிக்கொண்டு நான் கதவு கதவாக எட்டிப் பார்த்தபோது, மாடிக் கம்பிக்கு உள்ளேயிருந்து, "யாரு? பாரதி ஆத்தைத் தேடறேளா? கண்ணாடியைக் கழட்டிப் பைக்குள்ள வெச்சுக்கோங்கோ, குரங்கு பிடுங்கிண்டு போயிடும்" என்று குரல் வந்தது. எத்தனையோ நாளுக்குப் பின் காதில் விழுந்த தமிழ். கீழே வந்து வழி காட்டினீர்கள், திரும்பும்போது ரசம் சாதம் போட்டீர்கள். நாலு தலைமுறையாக இங்கேதான், பேரனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது என்றீர்கள். குரங்குக்குப் பயந்து மாடி முழுக்கக் கம்பி வலை போட்டிருக்கிறது. உள்ளே நாமெல்லாம், வெளியே அதுகள் என்று நீங்கள் சொன்னதை ஊரில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மாமி, நீங்கள் கேட்ட சுண்டைக்காய் வற்றல் தயார். வெயிலில் நன்றாகக் காய வைத்தது, உப்பும் நீங்கள் சொன்ன அளவுதான். அடுத்த மாதம் கிளம்பும் என் நண்பன் கொண்டுவருவான். ஆள் புதுசு, சந்துக்குள் வந்ததும் முழிப்பான். மூலைத் தேநீர்க் கடையில் உட்கார வையுங்கள், மற்றதைச் சாச்சா பார்த்துக்கொள்வார்.