அந்த மஞ்சள் கையுறை

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய படத்தை நேற்று ராத்திரி நாலைந்து முறை பெரிதாக்கிப் பார்த்தேன். புது வீட்டில் சுவிட்சை நீயே கழற்றி மாற்றுவது எனக்குப் பெருமைதான். ஆனால் கண் போய் நின்றது உன் கையில். பாத்திரம் தேய்க்கிற மஞ்சள் கையுறை. "ரப்பர்தானேம்மா, கரண்ட் பாயாது" என்று கீழே எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கையுறைகளைச் சோதிப்பதுதான் இருபத்திரண்டு வருஷம் நான் பார்த்த வேலை. சின்ன வயதில் நீ கேட்டபோது "கையுறைக்குள் தண்ணீர் ஊற்றுகிற வேலை" என்று சொல்லி முடித்துவிட்டேன். இப்போது முழுசாகச் சொல்கிறேன். கையுறையில் தண்ணீர் நிரப்பி, அதைத் தண்ணீர்த் தொட்டிக்குள் தொங்கவிடுவோம். உள்ளே இருக்கும் தண்ணீரில் ஒரு மின்முனை, வெளியே தொட்டியில் இன்னொன்று. நடுவில் ரப்பர் மட்டும்தான். பிறகு வோல்ட்டேஜை மெல்ல மெல்ல ஏற்றுவோம். '0' வகுப்புக் கையுறை என்றால் 5000 வோல்ட் வரை. அதைத் தாங்கினால்தான் 1000 வோல்ட் வரையிலான வேலைக்கு அனுப்புவோம். '00' வகுப்புக்குச் சோதனை 2500 வோல்ட், பயன்பாடு 500 வரை.

ஒருமுறை பளபளவென்று ஒரு ஜோடி வந்தது. காற்று அடைத்துப் பார்த்தேன், கசிவு இல்லை. தொட்டியில் இறக்கிப் பாதி கூட ஏற்றவில்லை, கட்டைவிரல் அடியில் பட்டென்று ஓட்டை விழுந்து மெஷின் நின்றுவிட்டது. எடுத்து அந்த இடத்தை இழுத்துப் பிடித்தபோதுதான் பழைய கீறல் ஒன்று மயிரிழை போலத் தெரிந்தது. அந்த ஜோடியைப் போட்டுக்கொண்டு யாரோ ஒருவர் வேலை செய்திருக்கிறார். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

உன் மஞ்சள் கையுறை வீட்டு மின்சாரத்தைத் தாங்கினாலும் தாங்கும். எது தாங்கும், எது தாங்காது என்று ஒருவரும் பார்த்ததில்லை. அதுதான் என் பயம். ஒரு ஆம்பியரில் நூறில் ஒரு பங்கு உடம்பில் ஓடினாலே விரல் இறுகிப்போய், பிடித்த ஒயரை விட முடியாமல் போகலாம். ஒரு ஊசித் துளையும் உள்ளே வியர்த்த கையும் இருந்தால் அதற்குப் போதும்.

கடையில் 'வேலைக் கையுறை' என்று தொங்குகிறவற்றையும் இதற்கு நம்பாதே. உள்ளங்கையில் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் பூசியவற்றுக்குப் பின்பக்கம் வெறும் பின்னல் துணி. தோல் கையுறை ஈரமானால் கரண்டைக் கடத்தும். வெட்டு விழாமல் காக்கிற சிலவற்றின் நூலிலேயே இரும்புக் கம்பி ஓடுகிறது. ஷாக்கைத் தடுப்பதற்கென்றே செய்த கையுறையில் பெரும்பாலும் இரட்டை முக்கோணக் குறி இருக்கும், பக்கத்தில் வகுப்பு எண்ணும் அளவும் இருக்கும், ஐஇசி 60903 என்றோ ஏஎஸ்டிஎம் டி120 என்றோ தர எண் அச்சிட்டிருக்கும். அந்த அச்சு இல்லையென்றால், விற்பவர் என்ன சொன்னாலும் திருப்பி வைத்துவிடு. வீட்டுக்கு '00' போதும். மெல்லியது, சின்ன ஸ்க்ரூவும் விரலுக்குப் பிடிபடும். எண் ஏற ஏற ரப்பர் தடித்துக்கொண்டே போகும், ஒயர் நுனி கைக்குத் தெரியாது, தடுமாறுவாய்.

ஆனால் கண்ணம்மா, நல்ல கையுறை வந்துவிட்டது என்பதற்காக லைனை ஆஃப் செய்யாமல் கைவைக்காதே. கையுறை மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே முடிந்துவிடுகிறது. முழங்கை எங்கே உரசும் என்று யார் கண்டது? முதலில் அந்த லைனின் கரண்டைத் துண்டிக்கிற எம்சிபி சுவிட்சை இறக்கு, வேறு யாரும் ஏற்றாதபடி ஒரு டேப் ஒட்டு. இன்வெர்ட்டரோ சோலாரோ இருந்தால் அதையும் நிறுத்து. வோல்ட்டேஜ் அளக்கிற மல்டிமீட்டரைக் கரண்ட் இருக்கிற ஒரு பிளக் பாயிண்டில் வைத்து, அது சரியாகக் காட்டுகிறதா பார். பிறகு உன் சுவிட்ச் பெட்டியில் வை. திரும்பவும் அந்த பிளக் பாயிண்டில் வைத்துப் பார். லைட் எரிகிற டெஸ்டரை மட்டும் நம்பி 'செத்த லைன்' என்று முடிவு கட்டாதே.

கையுறை உனக்கு உண்மையில் உதவப்போவது பெட்டியைத் திறந்து இப்படிச் சோதிக்கிற அந்த இரண்டு நிமிஷம்தான். லைனில் கரண்ட் இல்லை என்று உறுதியான பிறகு அதைக் கழற்றி வைத்துவிட்டு, கை கிழியாமல் இருக்க மெல்லிய சாதாரண வேலைக் கையுறையைப் போட்டுக்கொள். அப்புறம், மெயின் சுவிட்சை இறக்கினாலும் வெளியிலிருந்து கரண்ட் வருகிற பக்கத்து முனைகள் உயிரோடுதான் இருக்கும். அதை எந்தக் கையுறையோடும் தொடாதே. அந்த வேலைக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு, எனக்காக.

போடுவதற்கு முன்னால் மோதிரத்தையும் வாட்சையும் கழற்றிவிடு. ஒவ்வொரு முறையும் கையுறையின் வாய்ப்பக்கத்தைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, விரல்களை அழுத்திக் கன்னத்தருகே வைத்துப் பார். கசிந்தால் கன்னத்துக்குத் தெரியும். என் அந்த ஜோடியை மறக்காமல் விரல் இடுக்குகளை இழுத்தும் பார். ரப்பருக்கு மேலே அதற்கென்று வருகிற தோல் உறையைப் போட்டால் கூரான முனை குத்தாது. கிரீம், எண்ணெய் பூசிய கையோடு போடாதே, ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும். மடித்து டூல் பாக்ஸில் திணித்தால் மடிப்பிலேயே வெடிக்கும், வெயில் பட்டாலும் அப்படித்தான். தொழிலாகச் செய்கிறவர்களின் கையுறைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்களிடம் திரும்ப வரும். நீ என்றைக்கோ ஒருநாள் எடுக்கிறவள், அதனால் வாங்கும்போதே சோதனைத் தேதியைப் பார்.

இப்போது ஒரு காரியம் செய். வலது உள்ளங்கையைச் சுற்றி, கட்டைவிரலை விட்டுவிட்டு, டேப்பால் அளந்து எனக்கு எழுது. 203 மில்லிமீட்டர் வந்தால் 8, 229 வந்தால் 9. நடுவில் வந்தால் பெரியதை எடுக்கிறேன், உள்ளே பருத்திக் கையுறை போட இடம் இருக்கும். கையுறை உன் கைக்கு வந்து சேரும்வரை அந்த எம்சிபி இறக்கியே இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா