ஒரு கட்டைப்பை நெறைய சிலிக்கா ஜெல்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம லைப்ரரி கிளாஸ்ல பசங்க புரோகிராம் எழுதிப் பழகுற சின்ன சர்க்யூட் போர்டு இருக்குல்ல, மைக்ரோபிட், வெள்ளத்துல நனைஞ்ச அதுல நேத்து சாயங்காலம் 12ல 9 எரிஞ்சுச்சு. லைட் எரிஞ்சுச்சுன்னு சொல்றேன், கருகிப் போகல. கை இன்னும் நடுங்குது, டைப்பிங் தப்பா இருந்தா பொறுத்துக்கோங்க.

ஃபெஞ்சல் புயல், சாத்தனூர் டேம் திறந்து வந்த பெண்ணையாத்து தண்ணி, அது புகுந்து சேறா நம்ம கிளை நூலகம் கிடந்த கோலம் எல்லாம் நீங்களே பாத்தது, திரும்ப சொல்ல தெம்பில்ல. பிளஸ் ஒன் பசங்க ரெண்டு ஆணிய மண்ணுல குத்தி ஈரம் பாக்குற அலாரம் செஞ்சாங்களே, தண்ணி பட்டா கத்தும்னு அவ்ளோ பெருமையா காட்டுனாங்களே, அது பேட்டரி கழட்டி வச்சபடியே பீரோ கீழ்த்தட்டுல சேத்துக்குள்ள கிடந்துச்சு.

போர்டெல்லாம் அரிசிக்குள்ள போடுங்கன்னு ஆளாளுக்கு சொன்னாங்க. மொபைல் சர்வீஸ் அண்ணன்தான் "அரிசி சோத்துக்கு தம்பி, மொதல்ல சேறு போகணும்"னு சொல்லி, ஐபிஏன்னு சர்க்யூட் கழுவுற ஆல்கஹால் ஊத்தி பழைய டூத் பிரஷ்ஷால ஒவ்வொண்ணா தேச்சுக் குடுத்தாரு, காசு வாங்கல. இனிமே ஈரத்த இழுக்குற சிலிக்கா ஜெல்லோட காத்து போகாத டப்பாவுல போட்டு மூடி வைன்னாரு. அந்த நேரத்துல சிலிக்கா ஜெல்லுக்கு எங்க போறது?

அவர் கடைக்கு பக்கத்துல ஒரு செருப்புக்கடை. அங்க வேலை பாக்குற பொண்ணு நாங்க பேசுனத கேட்டிருக்கு போல. மறுநாள் ராத்திரி கடை ஷட்டர் இறக்குனதும் நேரா லைப்ரரி வாசல்ல வந்து "அண்ணா"ன்னு கூப்புட்டுச்சு, கையில கட்டைப்பை. ஷூ டப்பாக்குள்ள சின்னதா வெள்ளை பாக்கெட் இருக்கும்ல, நாம குப்பையில போடுவோமே, அது பை நெறைய. ஓனர்கிட்ட கேட்டுட்டு குடோன்ல ஒவ்வொரு டப்பாவா திறந்து எடுத்துச்சாம். அது வீட்டுலயும் தண்ணி வந்திருக்கு, அத நான் கேட்டப்புறம்தான் சொல்லுச்சு.

"இது என்னண்ணா செய்யும்?"னு கேட்டுச்சு. என் பேக்ல இருந்ததால தப்பிச்ச ஒரு போர்ட எடுத்து ஆன் பண்ணேன். அஞ்சுக்கு அஞ்சு, 25 லைட்டுதான். 'ப' சுலபமா வந்துரும், 'ஞ' போட்டா யாருக்கும் புரியாது, நம்ம பசங்க இதுக்கே ரெண்டு சனிக்கிழமை சண்டை போட்டிருக்காங்க. இந்தப் பொண்ணு ஒரு நிமிஷம் பாத்துட்டு "அஞ்சு புள்ளி அஞ்சு வரிசைண்ணா"ன்னுச்சு. பில் பேப்பர் பின்னாடி புள்ளி வச்சு காட்டுச்சு, என் போன்லேருந்தே ஏத்துனேன், நடுவுல ஒத்தப் புள்ளி, சுத்தி சதுரம் சாஞ்ச மாதிரி ஒரு கோலம் மினுக் மினுக்குன்னு. ரெண்டு வருஷமா கிளாஸ் எடுக்குறேன், எனக்கு இது தோணவே இல்ல.

நீ சனிக்கிழமை வாயேன்மான்னேன். சனி ஞாயிறுதான் கடையில கூட்டம்ணா, செவ்வாய்தான் லீவுன்னுச்சு. வயசு 17. 13லேருந்து 18 வயசு வரைக்கும் எல்லாரும் வரலாம்னு நாமதான் போர்டு எழுதி மாட்டிருக்கோம். எல்லாரும்னா யாரு, ஸ்கூல் போற பசங்க மட்டும்தானா? பத்தாவதோட நின்னு வேலைக்குப் போன பிள்ளைங்க நம்ம கணக்குலயே இல்லாம போயிருக்காங்க, இது முழுக்க என் தப்பு.

மத்தவங்களுக்கும் சொல்லணும். சாவிய கையில குடுத்துட்டு மூணு நாள் எங்களோடவே நின்ன நூலகர் மேடம், சேறு அள்ளுன வாசகர் வட்டத்து பெரியவங்க, கரண்ட் குடுத்த லைன்மேன் அண்ணன், பழைய லேப்டாப் ரெண்டு குடுத்த காலேஜ் பசங்க, கணக்கில்லாம டீ அனுப்புன டீக்கடைக்காரர், வீட்டு வரியில ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டிட்டு அது எங்க போகுதுன்னு தெரியாமலே இருக்குற நம்ம ஊர்க்காரங்க, எல்லாருக்கும் மனசார நன்றி.

மேடம்கிட்ட பேசியாச்சு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 5 மணிக்கும் இனிமே கிளாஸ் உண்டு, ஒரு ஆள் வந்தாலும் நடக்கும். தங்கச்சி, பேர் போட வேணாம்னு சொன்னதால போடல. பாக்கெட்ட வெட்டி மணிய வாணலியில லேசா வறுத்து ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வச்சிருக்கேன், மூணு பாட்டில் வந்துச்சு. உன் கோலம் இன்னும் அந்த போர்டுல அப்படியே இருக்கு, அழிக்கல.