தலை தீபாவளிக்கு ஒரு பெட்டி

திருச்சிராப்பள்ளி,
புரட்டாசி 20

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. பத்மாவின் திருமணக் களைப்பு தீருவதற்குள் தலை தீபாவளிச் சீர் பற்றிய யோசனை உன்னைப் பிடித்துக்கொண்டது தெரிகிறது. மோதிரமும் பட்டு வேட்டியும் ஏற்பாடாகிவிட்டன என்றும், மாப்பிள்ளையின் மனத்துக்குப் பிடித்ததாக ஒன்றைத் தனியே கொடுக்க விரும்புகிறாய் என்றும், அவர் ஞாயிறுதோறும் நண்பர்களைக் கூட்டிவைத்து ஆடும் போர்டு கேம் பெட்டிகளில் எதை வாங்குவது என்று விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். என் மகள் இந்தப் பழக்கத்தை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இன்று அவளைவிட எனக்கே பைத்தியம் முற்றிவிட்டது என்பது என் மனைவியின் தீர்ப்பு.

நாம் சிறுவயதில் கோடை விடுமுறையில் ஆடிய 'டிரேட்' விளையாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு இவற்றை எடைபோடாதே. அதில் முதலில் பணத்தை இழந்தவன் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்ள, மீதிப்பேர் இருட்டும்வரை ஆடிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் திண்ணைக்குப் போனவன் நீதான். ஜெர்மனியில் பல் தொழில்நுட்பராக இருந்த கிளவுஸ் டாய்பர் 1995-இல் வெளியிட்ட 'கட்டான்' விளையாட்டில் அந்தக் குறை இல்லை. பத்தொன்பது அறுகோண நிலத்துண்டுகளை அடுக்கி ஒரு தீவு அமைக்கிறோம். காடு மரம் தரும், வயல் தானியம் தரும், மலை தாது தரும். பாலைவனம் ஒன்று மட்டும் எதுவும் தராது. யார் இரண்டு பகடைகளை உருட்டினாலும், விழுந்த எண்ணுள்ள நிலத்தின் ஓரத்தில் வீடு கட்டியவர் எல்லோருக்கும் விளைச்சல் வருகிறது. ஆகவே அடுத்தவர் முறையிலும் நமக்கு வேலை இருக்கிறது. என்னிடம் செங்கல் மிகுதி, உன்னிடம் கம்பளி மிகுதி என்று பண்டமாற்றுப் பேரம் நடந்துகொண்டே இருக்கிறது. ஏழு விழும்போது கொள்ளையனை நகர்த்தி ஒருவரின் நிலத்தை முடக்கலாம். இரண்டு பகடைகளில் ஏழு விழுவதற்கான வாய்ப்பு முப்பத்தாறில் ஆறு என்பதால் அந்தக் கொள்ளையன் ஓய்வதே இல்லை. அந்த ஆண்டுக்கான 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்', அதாவது ஜெர்மனியில் 1979 முதல் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கு வழங்கிவரும் விருது, கட்டானுக்குக் கிடைத்தது.

இதைப் படித்ததும் கட்டானை வாங்கக் கிளம்பிவிடாதே. ஏழெட்டு ஆண்டுகளாக ஆடுகிற மாப்பிள்ளையிடம் அது நிச்சயம் இருக்கும். புகழ்பெற்ற பெட்டியைப் பரிசாகக் கொடுப்பது, புத்தகப் பிரியரின் வீட்டுக்குத் திருக்குறளை எடுத்துக்கொண்டு போவது போலாகும். பெட்டியின் புகழைப் பார்ப்பதற்கு முன் மேசையைச் சுற்றி எத்தனை பேர் உட்காரப் போகிறார்கள் என்று எண்ணிப் பார். உன் கேள்விக்கு உண்மையில் இரண்டு விடைகள் இருக்கின்றன: தீபாவளி நாள்களில் உன் மதுரை வீட்டில் எதை ஆடுவது என்பது ஒன்று, அவர்கள் பெங்களூருக்குத் திரும்பும்போது எதைக் கையில் கொடுத்து அனுப்புவது என்பது மற்றொன்று.

உன் வீட்டில் நீ, தங்கை, சின்னவன், பத்மா, மாப்பிள்ளை என ஐந்து பேர். கட்டானின் அடிப்படைப் பெட்டியில் நால்வருக்கு மேல் ஆட முடியாது. உன் நிலையில் நான் வாங்குவது, ஆலன் மூன் வடிவமைத்து 2004-இல் வெளிவந்த 'டிக்கெட் டு ரைட்' ஆகத்தான் இருக்கும். முப்பத்திரண்டு ஆண்டுகள் ரயில்வேயில் இருந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமானது எது? ஐவர் ஆடலாம், ஒவ்வொருவருக்கும் நாற்பத்தைந்து சிறு ரயில் பெட்டிகள், வட அமெரிக்க வரைபடத்தில் ஊருக்கு ஊர் பாதையைப் பிடிக்க வேண்டும். ஒரே நிறச் சீட்டுகளைச் சேர்த்து ஆறு பெட்டி நீளமுள்ள பாதையைப் பிடித்தால் பதினைந்து புள்ளிகள், ஒற்றைப் பெட்டிப் பாதைக்கு ஒரே புள்ளி. ஆகவே சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டே காத்திருக்கலாமா, அதற்குள் அடுத்தவர் குறுக்கே பாதை போட்டுவிடுவாரோ என்ற தவிப்பு கடைசிவரை இருக்கும். கையிலுள்ள பயணச்சீட்டின் இரண்டு ஊர்களை இணைக்கத் தவறினால் அதன் புள்ளிகள் கழிக்கப்படும். விதிகளைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

தங்கைக்கு ஆங்கிலம் படிப்பது சிரமம் என்பதால் அடுத்த பெட்டியாகக் 'கார்கசோன்' வாங்கிவை. தென் பிரான்ஸிலுள்ள கோட்டை நகரத்தின் பெயர் அது. எழுபத்திரண்டு சதுர அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, சாலையோடு சாலையும் மதிலோடு மதிலும் பொருந்தும்படி வைத்துக்கொண்டே போனால் மேசையில் ஒரு நாடு விரிகிறது. படிக்க ஓர் எழுத்தும் இல்லை; இதிலும் ஐவர் ஆடலாம். மார்கழியில் வாசலில் கோலத்தைச் சிக்கில்லாமல் முடிக்கிற கை, இதில் நம் இருவரையும் எளிதாகத் தோற்கடித்துவிடும் என்பது என் ஊகம். என் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. 'பேண்டமிக்' பலகையில் நம் சென்னையும் ஓர் ஊராக இருக்கிறது. எல்லோரும் ஒரே அணியாக நோய்களை எதிர்த்து ஆடுகிற அழகான விளையாட்டுதான். ஆனால் அது நால்வருக்கானது, சீட்டுகளில் ஆங்கிலமும் மிகுதி. அதை விட்டுவிடு.

இனி மாப்பிள்ளைக்கு. இதுவரை அவர் நண்பர் கூட்டத்துக்காகவே பெட்டிகளை வாங்கியிருப்பார். இனி வாரநாள் இரவுகளில் மேசையில் இருக்கப் போவது இரண்டே பேர். எலிசபெத் ஹார்கிரேவ் உருவாக்கி 2019-இல் வெளிவந்த 'விங்ஸ்பேன்' பறவைகளைப் பற்றியது. நூற்றெழுபது பறவைச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஓவியம், அதன் கூடு, இரை, சிறகின் அளவு. அதன் ஆசியத் தொகுதி 2022-இல் வந்தது. மற்ற கூடுதல் தொகுதிகளுக்கு மூலப் பெட்டி வேண்டும். இதை மட்டும் இருவர் தனியாகவே வைத்து ஆடலாம், மூலப் பெட்டி இருந்தால் அதனோடும் சேர்த்துக்கொள்ளலாம். தொண்ணூறு ஆசியப் பறவைகள் இருக்கின்றன. புதுமணத் தம்பதிக்கு என் முதல் பரிந்துரை இதுவே. அது ஏற்கெனவே இருந்தால், ஊவே ரோசன்பெர்க்கின் 'பேட்ச்வொர்க்' வாங்கு. துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பது போன்ற அது, இருவருக்கென்றே செய்யப்பட்டது.

பெட்டியே வேண்டாம் என்று தோன்றினால் இன்னொரு வழியும் உண்டு. இந்தப் பித்துள்ளவர்கள் பெட்டியைத் தாங்களே தேடி வாங்குவார்கள். துணைப்பொருளுக்குச் செலவழிக்கத்தான் மனம் வராது. சீட்டுகளுக்கு மாட்டும் ஒளிபுகும் உறைகள் நம் ஊர் வியர்வைக் கைகளுக்கு அவசியம். ஆனால் சீட்டின் அளவு தெரியாமல் வாங்கினால் வீண். பகடை உருட்டும் தட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. உன் தெருமுனைத் தச்சரிடம் சொல்லி, ஒரு முழ நீளத்தில் தேக்குத் தட்டு செய்து, உள்ளே தடித்த கம்பளித் துணி ஒட்டித் தரச் சொல். அதனோடு, முன்பு புதுமண்டபத்தில் கடை வைத்திருந்தவர்களிடம் விசாரித்து, பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி வாங்கி அந்தத் தட்டிலேயே வைத்துக் கொடு. ஆறு பக்கப் பகடையை ஆயிரம் முறை உருட்டியவருக்கு, நான்கு பக்கமுள்ள நீண்ட கட்டையை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிவிடும் ஓசை புதிதாக இருக்கும். எனக்கு யாராவது இதைக் கொடுத்தால் மோதிரத்தைவிட மகிழ்வேன்.

ஓர் எச்சரிக்கை. பாதி விலை என்று ஆசைப்பட்டு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் 'அசூல்' என்ற விளையாட்டை வாங்கினேன். போர்த்துகீசிய ஓடுகளைப் போல நூறு வண்ண வில்லைகள் வழவழவென்று இருக்க வேண்டிய பெட்டி அது. வந்தது கள்ள நகல்: வில்லைகளின் ஓரம் கையைக் கீறியது, ஒரு நிறத்தில் இரண்டு குறைந்தன, பையில் மண்ணெண்ணெய் வாடை. விற்றவரிடமிருந்து பதிலே இல்லை. அசல் பெட்டியின் விலை எல்லாக் கடைகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஒருவர் மட்டும் பாதிக்குக் கொடுத்தால் விலகிப் போய்விடு.

எதையும் வாங்குவதற்கு முன் பத்மாவிடம் சொல்லி, மாப்பிள்ளைக்குத் தெரியாமல் அவருடைய அலமாரியை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல். பெட்டிகளின் முதுகைப் பார்த்தாலே எது இருக்கிறது, எது இல்லை என்று சொல்லிவிடுவேன். டிக்கெட் டு ரைட் மட்டும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்; அது உன் வீட்டுக்கு. இப்போதே வாங்கி, சின்னவனோடு இரண்டு ஆட்டமாவது ஆடிப் பழகிக்கொள். மாப்பிள்ளை வந்த அன்றே விதிகளை அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கும் மாமனாராக நீ இருக்கக் கூடாது.

அன்புடன்,
ராமநாதன்