குலத்துக்கு, கொக்குவிலிலிருந்து

அன்பின் குலம்,

கடிதம் கிடைத்தது. கான்சருக்குக் கதிர் அடித்த கீழ்த்தாடையில் பல்லைப் பிடுங்க முதல் இருபது தரமும் பிறகு பத்துத் தரமும் அழுத்த அறைக்குள் ஒட்சிசன் சுவாசிக்கச் சொல்கிறார்களாம். "கான்சருக்கு நானே தீனி போடுறேனோ" என்று கேட்டிருந்தாய்.

அந்த அறையை நான் முதலில் கேள்விப்பட்டது குருநகரில். கடலட்டை பிடிக்கப் போன பெடியன் ஒருத்தன் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்து, கால் மரத்து வள்ளத்துக்குள்ளேயே சரிந்துவிட்டான். அப்படி ஒன்றுக்குள் விட்டுத்தான் நடக்க வைத்தார்கள்.

உன்னுடையது வேறு கணக்கு. கதிர் பட்ட இடத்தில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் அடைபட்டுப் போகும். எலும்புக்கு ஒட்சிசன் போதாது, புண் ஆறாது. இரண்டு, இரண்டரை மடங்கு அமுக்கத்தில் தனி ஒட்சிசனை ஒன்றரை மணித்தியாலம் இழுத்தால் அது இரத்தத் திரவத்திலேயே கரைந்து அங்கே போய்ச் சேரும். நாளடைவில் புதுக் குழாய்கள் முளைக்கும். அது கட்டிக்கும் முளைக்காதோ என்பதுதானே உன் பயம்?

நியாயமான பயம்தான். ஆனால் கட்டி தனக்குக் குழாய் இழுப்பதே ஒட்சிசன் பஞ்சத்தில். பஞ்சத்தில் கிடக்கிற கட்டி கதிருக்கும் லேசில் மசியாது; 1950களில் லண்டன் சென் தோமஸ் ஆஸ்பத்திரியில் நோயாளியை அழுத்த அறைக்குள் வைத்தே கதிர் பாய்ச்சியது அதனால்தான். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்கும், இந்தச் சிகிச்சை கான்சரைத் திருப்பிக் கொண்டுவரும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனாலும் ஸ்கானைப் பார்க்காமல் உள்ளே போகாதே. ஆறாத புண் சிலவேளை திரும்பி வந்த கான்சராகவே இருக்கும்.

எனக்கு உறுத்துவது வேறு. 2019இல் வெளியான ஹோப்பன் (HOPON) என்ற ஆய்வில், கதிர் பட்ட கீழ்த்தாடையில் பல்லுப் பிடுங்கியவர்களையும் செயற்கைப் பல் பதித்தவர்களையும் சேர்த்து, ஒட்சிசன் எடுப்பவர், எடுக்காதவர் என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் எலும்பு செத்தது, ஒட்சிசன் எடுத்தவர்களில் 6.4 வீதம், எடுக்காதவர்களில் 5.7. பிறகென்னத்துக்கு முப்பது நாள் காதை அடைத்துக்கொண்டு, பார்வையும் கொஞ்ச நாளைக்கு மங்கி? டொக்டரிடம் இதை நேரே கேள். உன் எலும்பு ஏற்கெனவே பழுதென்றால் அது வேறு கதை.

ஆவணிக்கு வருகிறாய் என்றாய். ஒடியல் கூழ் காய்ச்சுவோம், மெல்லத் தேவையில்லை. உன் வாய்க்காகச் செத்தல் மிளகாயைக் குறைக்கச் சொல்லிவிட்டேன். மனுசிக்கு அதுதான் கோபம்.

அன்புடன்,
சிவம்